வலி நின்ற கால்

மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த கால் பெருவிரலை யாஸ்னா மெல்லத் தூக்கியதுதான் தாமதம், ரத்கோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார். பிளம் மரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவர். முந்தைய நாள் மாலை மாவுக்கட்டுப் போட்டார்கள். விடிகாலையிலிருந்து வலி ஏறிக்கொண்டே இருந்தது. விரலை அசைத்தாலே இப்படி உயிர் போகிறதென்றால், கட்டுக்குள் வீக்கம் சதையை நெரிக்கிறது. உடனே கட்டைப் பிளந்தாக வேண்டும், சில மணி நேரம் விட்டால் கால் போய்விடும். ஐந்தாம் ஆண்டு மாணவியான அவளுக்கு அந்தப் பாடம் தலைகீழாகத் தெரியும்.

பயிற்சி டாக்டர் வுகாஷின், அவள் சொன்னதைக் காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"புதுக் கட்டுன்னா வலிக்கத்தாம்மா செய்யும். ஊசி போடச் சொல்றேன்."

"ஒரு தடவை வந்து பாத்துடுங்க சார்."

"அது பேராசிரியர் தன் கையால போட்ட கட்டு. அவரைக் கேக்காம அதைப் பிளந்தா, என்னைப் பிளந்துடுவார். ஆபரேஷன் முடிச்சு வரட்டும்."

யாஸ்னா அறுவை அரங்கின் வாசலில் மூன்று முறை போய் நின்றாள். மூன்று முறையும் நர்ஸ் துரத்திவிட்டாள். "மாணவி கூப்பிட்டு அவர் வெளிய வந்ததா சரித்திரமே இல்ல. போ கண்ணு."

கட்டு அறுக்கும் ரம்பம் பக்கத்து அறையிலேயே தொங்கியது. யாஸ்னா அதன் மேல் கை வைத்தாள். தொட்டது தெரிந்தால் படிப்பு அத்தோடு சரி. தான் நினைப்பது தப்பாக இருந்தால்? கை தானாகக் கீழே இறங்கியது.

மதியம் இரண்டு மணிக்கு ரத்கோவின் மனைவி ஸ்மில்யா நடைவழியில் அவளை மறித்து, காபிப் பொட்டலத்தையும் சாக்லேட் பெட்டியையும் கையில் திணித்தாள்.

"வேண்டாம்மா, நான் ஒண்ணுமே செய்யலை."

"காலைலேருந்து நீங்க நாயா அலைஞ்சதைப் பாத்துட்டுத்தானே இருந்தேன். வலி சுத்தமா நின்னுடுச்சு டாக்டரம்மா! சூப் கூடக் கேட்டார்."

அந்தப் பக்கமாகப் போன வுகாஷின் சிரித்தார். "பாத்தியா? ஊசி கேட்டுச்சு."

யாஸ்னா உள்ளே ஓடினாள். ரத்கோ முகம் தெளிந்து படுத்திருந்தார்.

"கண்ணை மூடிக்குங்க. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லணும்."

அவர் சொன்னபடி மூடிக்கொண்டார். அவள் பெருவிரலை நகம் பதியக் கிள்ளினாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ம், தொடுங்க டாக்டரம்மா," என்றார் ரத்கோ புன்னகையோடு. "நான் ரெடி."