சீட்டில் எழுதிய காரணம்

கிழக்கேக்கோட்டையில் பஸ் நிற்குமுன்பே பொன்செல்விக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. யூனிபார்ம் சேலையின் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இறங்கி, சாக்கடையோரமாகக் குனிந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. மஞ்சளாகக் கொஞ்சம் பித்தநீர்தான் வந்தது. விடிந்ததிலிருந்து இது ஆறாவது தடவை. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவள் தண்ணீர்க் குப்பியை நீட்டினாள். வாயைக் கொப்பளித்ததற்கே மறுபடியும் ஓங்கரித்தது.

பொன்செல்வி மூன்று வருடமாக அங்கே ஒரு பெரிய துணிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நிற்கிறாள். இப்போது முழுகாமல் இரண்டு மாதம். அது புருஷன் செல்வகணேஷைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் தம்பானூரில் பரோட்டா மாஸ்டர். வேலை முடிந்து கரமனை வீட்டுக்கு வந்ததும் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பான். ஆனாலும் எண்ணெயும் வெங்காயமும் கலந்த வாடை அவன் முடியில் தங்கியிருக்கும். அவன் பக்கத்தில் வந்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஐந்து நாளாக அவன் வெளிவராந்தாவில் பாய் விரித்துப் படுக்கிறான். அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வரும். அழுதால் குமட்டும்.

இரண்டு வாரத்தில் நான்கு நாள் லீவு போட்டாயிற்று. முதலில் காய்ச்சல் என்றாள். பிறகு, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று மெசேஜ் அனுப்பினாள். மாடிக்குப் பொறுப்பான ராஜபாய் அக்கா, "இனி லீவு வேணும்னா டாக்டர் சீட்டு கொண்டு வரணும் கேட்டியா" என்று சொல்லியிருந்தாள்.

உள்ளதைச் சொல்லப் பொன்செல்விக்குப் பயம். போன வருடம் அதே பிரிவில் நின்ற அனுஷா நாலு மாதம் என்று வாய்விட்டுச் சொன்னாள். மேனேஜர் சிரித்தபடி மலையாளத்தில், "நல்லோணம் ரெஸ்ட் எடுக்கு மோளே, பின்னே நோக்காம்" என்றார். பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். அனுஷாவின் பிள்ளை இப்போது தவழ்கிறது. கடையிலிருந்து இன்னும் ஒரு போன்கூட வரவில்லை.

அன்று காலையில் கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தது. ஏழாவது சேலையை விரிக்கும்போது புதுத்துணி வாசமும் அந்த அம்மாளின் தலையிலிருந்த பிச்சிப்பூ வாசமும் சேர்ந்து அடித்தன. பொன்செல்விக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. விழுமுன் ராஜபாய் அவளைப் பிடித்து, சரக்கு அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

"எட்டி, எத்தன மாசம்?"

"ஒண்ணுமில்லக்கா. வாயுதான்."

ராஜபாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போ. சீட்டு இல்லாம நாளைக்கு இங்க வராத."

சொன்னது அக்கறையா மிரட்டலா என்று பொன்செல்விக்குப் புரியவில்லை. படி இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்வகணேஷ் ஓடி வந்தான். வந்தவன் நாலடி தள்ளியே நின்றான். டாக்டரம்மா எடை பார்த்தாள். ஆறு கிலோ குறைந்திருந்தது. மூத்திரத்தைச் சோதித்த தாளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இது சாதாரண வாந்தி இல்லா மோளே. உடம்பில தண்ணியே இல்ல. இப்பவே அட்மிட் ஆகணும். ஒரு மாசம் வேலைக்குப் போகண்டா."

"குழந்தைக்கு?"

"நாளைக்கு ஸ்கேன் பாத்துச் சொல்லாம்."

பொன்செல்வி மேசை விளிம்பைப் பிடித்தாள். "சீட்டுல வயித்துக்கோளாறுன்னு மட்டும் எழுதித் தாங்க டாக்டர். மாசமா இருக்கது தெரிஞ்சா வேல போயிரும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "இல்லாதது எழுதினா பின்னே நீதான் மாட்டும். கர்ப்பத்தினால வர்ற நோவுக்குச் சட்டத்தில லீவு உண்டு. ஆனா அது சீட்டில இருந்தால்தானே கேக்க முடியும்?" கர்ப்பகாலக் கடும் வாந்தி, நான்கு வாரம் ஓய்வு என்று தேதி போட்டு எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

வார்டில் கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சீட்டு தலையணைக்கு அடியில் கிடந்தது. சாயங்காலம்வரை அவள் அதை எடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. கண்ணை மூடினால் அனுஷா வந்தாள். திறந்தால், ஒரு வாய்க் கஞ்சிகூட உள்ளே போகாத இத்தனை நாளும் அந்தச் சின்ன உயிர் என்னத்தைத் தின்றிருக்கும் என்ற நினைப்பு வந்தது.

மறுநாள் காலையில் கட்டில் பக்கமாக ஒரு மொட்டைத்தலை வந்து நின்றது. அவளுக்கு ஒரு நிமிடம் ஆள் தெரியவில்லை.

"என்னங்க இது!"

"வாட முடியிலதான இருக்குன்ன? எடுத்துட்டேன்." செல்வகணேஷ் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான். "இப்ப அடிக்கா?"

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் அடிக்கத்தான் செய்தது. "இல்ல" என்றாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

ஸ்கேனுக்குப் பேர் கூப்பிடும் நேரம் நெருங்கியது. பொன்செல்வி சீட்டை வெளியே எடுத்தாள். "ரெண்டு பயத்தயும் சேத்துச் சுமக்க முடியலங்க. ஒண்ண இறக்கி வச்சிருதேன்." செல்வகணேஷ் சீட்டை விரித்துப் பிடிக்க, போட்டோ எடுத்து ராஜபாய்க்கு அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கான இரண்டு நீலக்கோடும் உடனே விழுந்தன. பதில் வரவில்லை.

ஸ்கேன் அறை குளிராக இருந்தது. டாக்டரம்மா வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பி, துடித்துக்கொண்டிருந்த ஒரு புள்ளியைக் காட்டினாள். "ஹார்ட் நல்லா அடிக்குது. கண்டோ?"

வெளியே வந்தபோது போனில் ராஜபாயின் மூன்று மிஸ்டு கால். உடனே திருப்பி அடித்தாள்.

"மேனேஜர் சாரு, ரெஸ்ட் எடுக்கட்டு, பின்னே நோக்காம்னாரு" என்றாள் ராஜபாய்.

பொன்செல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அனுஷாவுக்கும் இதத்தானக்கா சொன்னாரு?"

"ஆமா. அண்ணைக்கு நான் வாயத் தொறக்கல. அவ கையில சீட்டு, கடலாசு ஒண்ணும் இல்ல. இப்ப ஓன் சீட்ட பிரிண்ட் எடுத்து அவரு மேசையில வச்சேன். லீவு முடியுற தேதி எழுதி ஒப்பு போட்டுத் தாங்க சாரேன்னேன். மொதல்ல மொறச்சாரு. நான் மாறாம நின்னேன். கையெழுத்துப் போட்டுத் தந்துட்டாரு பிள்ளே. ஓனக்கு அனுப்புதேன், பத்திரமா வச்சுக்க."

நான்கு வாரம் கழித்து அவள் கடைக்குப் போனாள். மேனேஜர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கணினிக்குத் திரும்பிக்கொண்டார். பட்டுப்பிரிவில் வேறொரு பெண் நின்றாள். பொன்செல்வியைக் கீழே குழந்தைகள் உடைப் பிரிவில் போட்டிருந்தார்கள். வாந்தி நின்றபாடில்லை, ஆறு தடவை இரண்டாகக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். பத்து மணிக்கு ஒன்று வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கவுண்டரில் ஒருத்தி, பிறந்து பதினைந்து நாளான பிள்ளைக்குச் சட்டை கேட்டு நின்றாள். பொன்செல்வி இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்து அவள் முன்னால் விரித்தாள்.