இப்பத்தான் வந்த மீன்

டப்பாவின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "ஏங்க, இந்த மீன் எப்ப வந்தது?" என்று கேட்டாள். வேலைவிட்டு வந்தவள் கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"இப்பத்தான். உன் தம்பி பொண்டாட்டி குடுத்துட்டுப் போனா. சரியான சந்தேகப் பிராணிடி நீ."

"உங்க 'இப்பத்தான்'க்கு எத்தனை மணி நேரம்னு எனக்குத் தெரியாதா?" சிரித்துக்கொண்டே மூடியில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, நீலப் பேனாவால் எழுதினாள்: மீன், மாலை ஐந்து.

அந்த வீட்டில் எல்லா டப்பாவுக்கும் அப்படி ஒரு பட்டை உண்டு. நேரம் கடந்து வைத்திருந்த உணவில் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமைப் பொருள் ஏறும். அவள் உடம்பு அதைத் தாங்காது. "உங்க உடம்போட காவல்காரன் ஓவரா சந்தேகப்படுறான். வீட்டு ஆளையே திருடன்னு அடிப்பான்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மீன் என்றால் இன்னும் கண்டிப்பு. வெளியே கிடந்த மீனை வாசனை காட்டிக்கொடுக்காது, வேகவைத்தாலும் கேடு போகாது.

பாதி மீனைச் சமைத்தாள். சாப்பிட்ட கால் மணி நேரத்தில் முகம் சிவந்து தொண்டை அடைத்தது. ஒவ்வாமைக்கென்று கைவசம் இருந்த ஊசியும் கேட்கவில்லை. மருத்துவமனை வாசலிலேயே உயிர் போய்விட்டது.

அவளுடைய சந்தேகம் அதன்பிறகு கணவரைப் பிடித்துக்கொண்டது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் தப்பு எங்கே ஒளிந்திருந்தாலும் கண்ணில் படும். மைத்துனன் மனைவி பழைய மீனைத் தலையில் கட்டிவிட்டாள் என்று முடிவு கட்டினார். வாய்விட்டுக் கேட்டால் மிச்சமிருக்கும் ஒரே உறவும் அறுந்துவிடும். ஆனாலும் மூன்றாம் வாரம் அந்தப் பெண் வந்தபோது கேட்டே விட்டார்.

"அந்த மீன் என்னைக்கு வாங்கினது? உள்ளதைச் சொல்லு."

அவள் முகம் சுண்டிப்போனது. "என்ன அண்ணா இப்படிக் கேக்கறீங்க? அன்னைக்குக் காலையில வாங்கி, ஐஸ் போட்டு, பத்து மணிக்கே கொண்டாந்தேனே. பேப்பர்ல இருந்து தலையை நிமிர்த்தினீங்களா? 'அங்க வைம்மா'ன்னீங்க. உடனே ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். 'இதோ'ன்னீங்க."

அன்று வீட்டில் திருத்திய தாள்கள் மேசையிலேயே கிடந்தன. புரட்டினார். நாற்பதாம் பக்கத்திலிருந்து காகிதம் நெளிந்து காய்ந்திருந்தது. ஐஸ் உருகி ஓடிய தண்ணீர். தாள் நனைந்த பிறகுதான் அன்று மீன் பையே நினைவுக்கு வந்தது. மீனை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தபோது மணி நாலரை. திட்டு வாங்காமல் தப்பிக்கத்தான் அந்த 'இப்பத்தான்'.

"நீ நல்ல மீன்தாம்மா கொண்டாந்தே" என்றார்.

மீதி மீனை எப்போதோ கொட்டிக் கழுவியாயிற்று. மூடியில் பட்டை அப்படியே இருக்கிறது: மீன், மாலை ஐந்து.