வைஷாலி பேரில் ஒரு வழி

ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வைஷாலிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வைஷாலிங்களா? பாலாத்துப் பக்கம் காட்டுக்குள்ள போறதுக்கு ஒரு வழி போட்டிருக்கீங்களே, நீங்கதானா அது?"

பெண் குரல். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

"ஆமா. நீங்க யாரு?"

"என் பேரு உமாதேவி. இங்கதான், ஜே.பி. நகர்ல இருக்கேன். என் வீட்டுக்காரர் நேத்துக் காலைல உங்க வழியைப் பிடிச்சுக்கிட்டுப் போனாரு. சாயந்திரமே வந்துடுவேன்னாரு. இன்னும் வரலைங்க. போனும் போகமாட்டேங்குது. அவரு இருக்கிற வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன், உங்க நம்பரைக் குடுத்தாங்க."

வைஷாலிக்கு 'அதை நான் அழிச்சுட்டேனே' என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

அவள் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். லீவு கிடைத்தால் மலையேறப் போய்விடுவாள். கோடையில் தோழிகளோடு அந்தக் காட்டுக்குள் போனாள், யாரிடமும் அனுமதி கேட்காமல். போன வழி முழுவதும் போனில் பதிவாகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை மலையேறுபவர்களின் ஆப் ஒன்றில் ஏற்றி, 'சுலபமான வழி. ஈ காக்கை கிடையாது. தனியாகவே போகலாம்' என்று எழுதினாள். ஏகப்பட்ட பேர் பாராட்டினார்கள். போன மாத மழையில் அந்த வழியில் இருக்கிற பாறை விளிம்பு சரிந்துவிட்டதாக யாரோ சொன்னபோது, அன்றைக்கே அதை அழித்தாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தாள்.

"அழாதீங்க. என்கிட்ட கார் இருக்கு. உங்க வீட்டு வாசலுக்கு வர்றேன்" என்றாள்.

காரில் ஏறியதும் உமாதேவி தன் போனை நீட்டினாள். கணவன் பாலன் கிளம்பும்போது அனுப்பியிருந்த வழி. வைஷாலி அழிப்பதற்கு முன்பே யாரோ இறக்கி வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் கை மாற்றி விட்டிருந்தார்கள். மேலே வைஷாலியின் பெயர். கீழே அவள் எழுதிய அதே வார்த்தைகள். தனியாகவே போகலாம்.

"இவரு நஞ்சன்கூடு பேக்டரில ஷிப்ட் பாக்கறவரு. காடெல்லாம் பழக்கமே இல்லைங்க. நீங்க போட்டதைப் பாத்துத்தான் தைரியமா போனாரு. அங்க என்னங்க இருக்கு?"

பொய் சொல்ல வைஷாலிக்கு ஆசையாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். "ஒரு பாறையோரமா நடக்கணும். அது இப்ப இல்ல. சரிஞ்சிடுச்சு."

கொள்ளேகால் தாண்டும்வரை உமாதேவி கணவனின் எண்ணையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தாள். வைஷாலிக்கு, அந்த விளிம்பில் நடந்தபோது தன் செருப்புக்கடியில் சிறு கற்கள் உருண்டதும், அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததும் நினைவுக்கு வந்தன.

வனத்துறை செக்போஸ்ட்டில் சென்னிமலை என்ற வனக்காவலர் இருந்தார். பக்கத்து ஹனூர்க்காரர். உமாதேவி சொன்னதைக் கேட்டுவிட்டு, "காடு பெருசுங்க. எந்தப் பக்கமா போனாருன்னு தெரியோணுமல்ல?" என்றார்.

உமாதேவி வைஷாலியைத் திரும்பிப் பார்த்தாள். வைஷாலி, வழி பதிவாகியிருந்த தன் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதைக் காட்டினால், தானும் திருட்டுத்தனமாக உள்ளே போனதற்கு அதுவே சாட்சி. கேஸ், கோர்ட், வேலை, அப்பாவின் முகம், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. பக்கத்தில் உமாதேவி சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினாள்.

"இது நான் போன வழி. இதுலதான் அவரும் போயிருக்காரு."

பார்த்ததும் சென்னிமலையின் முகம் மாறியது. "பாறை சரிஞ்சிருந்தா, கீழ மூங்கில் பள்ளத்துலதான் எறங்கியிருப்பாரு. அங்க ஒரு யானை குட்டி போட்டிருக்குதுங்க. நாங்களே இப்ப அந்தப் பக்கம் போறதில்ல."

உமாதேவி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். கூட வருகிறேன் என்ற வைஷாலியை, "வேண்டாம் அம்மிணி. உங்களையும் சேத்துத் தேட முடியாது" என்று நிறுத்திவிட்டார்.

வெயில் ஏறியது. காட்டுக்குள் எங்கோ யானை பிளிறியது. அடுத்து வெடிச் சத்தம். யானையை விரட்டப் பட்டாசு போடுகிறார்கள் என்று செக்போஸ்ட்டில் இருந்தவர் சொன்னார். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உமாதேவி வைஷாலியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. விடச் சொல்ல வைஷாலிக்கு மனம் வரவில்லை.

மதியத்துக்கு மேல், கம்பளியில் தூளி கட்டி பாலனைத் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. கணுக்கால் திரும்பி, பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. உமாதேவி ஓடிப்போய் அவன் மார்பில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பிறகு அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அனுமதியில்லாமல் உள்ளே போனதாக வைஷாலியிடம் வனத்துறையினர் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கேஸ் வரும் என்றார்கள். தலையாட்டினாள்.

கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்ட காலோடு பாலன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"நீங்கதானா அது! வழி பிரமாதம்ங்க. பாறை மட்டும்தான் இல்ல. நான் கீழே பள்ளத்துல சுத்திப் போனேன். அங்க ஒரு குட்டை. யானையும் குட்டியும் தண்ணி குடிச்சிட்டிருந்துச்சு. ஓடினதுலதான் கால் போச்சு. ஆனா ஆப் ஓடிக்கிட்டே இருந்துச்சு பாருங்க, எல்லாம் பதிவாயிருக்கு." சார்ஜில் கிடந்த போனைக் காட்டினான். "அந்தச் சுத்து வழியை இப்பத்தான் குரூப்ல போட்டேன். இனிமே யாரும் அந்தப் பாறைல மாட்டமாட்டாங்க."

நல்ல மனதோடுதான் சொன்னான். வைஷாலி கட்டிலை நெருங்கினாள்.

"எடுத்துடுங்க. இப்பவே எடுங்க."

"ஏங்க? நீங்களும் போட்டீங்கல்ல?"

உமாதேவிதான் போனைப் பிடுங்கினாள். "எப்படி எடுக்கறதுன்னு காட்டுங்க." இரண்டு பேருமாக அழித்தார்கள். ஆனால் அடியில் யாரோ ஏற்கெனவே எழுதியிருந்தார்: 'இறக்கிட்டேன், தேங்க்ஸ். வர்ற சனிக்கிழமை ஃபேமிலியோட போறோம்.'

வைஷாலி வராந்தாவுக்கு ஓடிவந்து, குரூப்பில் இருந்த எண்ணில் அந்த ஆளைக் கூப்பிட்டாள். குட்டி போட்ட யானையைச் சொன்னாள், பாலனின் காலைச் சொன்னாள், கெஞ்சினாள். அவர் பொறுமையாகவே கேட்டார். "பயப்படாதீங்க மேடம், நாங்க ஜாக்கிரதையா இருப்போம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்து சென்னிமலையைக் கூப்பிட்டாள். "சனிக்கிழமை வர்றாங்களாம். செக்போஸ்ட்ல நிறுத்திடுங்க சார்."

"உங்க வழி செக்போஸ்ட்டுக்கு வராதுங்களே அம்மிணி. அதைச் சுத்தித்தானே போகுது? அங்க நிறுத்த என்கிட்ட ஆள் இல்லைங்க."

பார்க்கிங்கில் தன் கார் நிற்பதைப் பார்த்தபடி வைஷாலி நின்றாள்.

"அப்ப நான் வர்றேன் சார். விடியறதுக்கு முன்னாடியே வந்து, அந்த வழி ஆரம்பிக்கிற இடத்துல நிக்கறேன். நீங்க ஒருத்தரை மட்டும் கூட அனுப்புங்க. தனியா நிக்க எனக்கு பயமா இருக்கு."