ஒரு சவ்வுக்குப் பத்து நிமிடம்

காய் டிங் செய்த தவறு ஒன்றல்ல, இரண்டு. சீனப் புல்லாங்குழலின் துளை மேல் ஒட்டும் நாணல் சவ்வு பஸ் குலுக்கலில் கிழியக் கூடாதே என்று, அதன் மேல் டேப் ஒட்டிக் கொண்டுவந்தாள். காத்திருப்பு அறையில் டேப்பை உரித்தாள். சவ்வும் சமர்த்தாகக் கூடவே வந்துவிட்டது. சவ்வு இல்லாத குழலில் ஊதினால் புஸ்ஸென்று காற்றுதான் வரும்.

இரண்டாவது தவறுதான் பெரிது. பிரிவுத் தலைவி என்ற மிதப்பில், குழல்காரர்கள் எல்லோருடைய மாற்றுச் சவ்வுகளையும் "தொலைச்சிடுவீங்க" என்று வாங்கித் தானே வைத்துக்கொண்டிருந்தாள். அவை இப்போது பள்ளி இசையறை அலமாரியில் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தன.

பள்ளிச் சீன இசைக்குழுக்களின் மதிப்பீடு அன்று. இன்னும் நாற்பது நிமிடத்தில் காய் டிங்கின் குழு மேடை ஏற வேண்டும். பாட்டின் தொடக்கமே சின்னக் குழலின் தனி வாசிப்பு. சின்னக் குழல் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

"உங்க யார்கிட்டயாவது சவ்வு இருக்கா?" என்று தன் பிரிவில் கேட்டாள்.

"லீடர் பத்திரமா வச்சிருக்காங்கன்னு நிம்மதியா வந்துட்டோம்" என்றான் பெரிய குழல் வாசிப்பவன்.

எதிர்ச் சுவரோரம் போட்டிப் பள்ளிக்காரர்கள். அவர்களுடைய முதல் குழல்காரி ஷின் லின், தங்கள் ஷெங் வாசிப்பவனுக்குப் பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் அந்த மூங்கில் குழல் கட்டுக்குள் விடாமல் ஊதிக்கொண்டிருந்தான். இடையிடையே சில சுரங்கள் ஊமையாயின.

காய் டிங் தன் குழலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

"என்ன, உங்க ஷெங்குக்குச் சளியா?"

"ஏசி குளிரு. உள்ள தண்ணி கோத்துக்கிச்சு. மூணு சுரம் வாயத் தெறக்க மாட்டேங்குது."

"பாவம். எங்கிட்ட ஹேர் டிரையர் இருக்கு." சவ்வை மறந்தவள், முன்முடியைச் சரி செய்யும் சாமானை மறக்கவில்லை.

ஷின் லின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மா குடுக்கிற மூஞ்சி இல்லையே உன்னுது. பின்னாடி என்ன ஒளிச்சு வச்சிருக்கே?"

வேறு வழியில்லாமல் காட்டினாள். வெறும் துளையைப் பார்த்ததும் ஷின் லின்னுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குரலில் விலையும் ஏறியது.

"ஒரு சவ்வு தரேன். நாங்க மேடைக்குப் போற வரைக்கும் டிரையர் எங்ககிட்ட இருக்கணும்."

"அப்படியே மேடைக்கும் தூக்கிட்டுப் போயிடுவீங்க. அஞ்சு நிமிஷம்."

"பதினஞ்சு."

"பத்து. எனக்கு முடி வேற இருக்கு."

"அந்த முடிக்குப் பத்து நிமிஷம் பத்தாதுடி" என்றபடி ஷின் லின் தன் சவ்வுக் கட்டிலிருந்து ஒன்றை நீட்டினாள்.

காய் டிங் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இது ஓரத்துல மடிஞ்சது. நடுவுலேர்ந்து ஒண்ணு எடு."

"வந்துட்டா பாரு" என்று முணுமுணுத்தாலும் நல்லதாகவே எடுத்துக் கொடுத்து, டிரையரை வாங்கிக்கொண்டாள்.

காய் டிங் துளையைச் சுற்றிப் பசை தடவி, சவ்வை இழுத்து, மெல்லிய சுருக்கங்கள் குறுக்கே விழும்படி ஒட்டினாள். மெதுவாக ஊதினாள். தும்பி பறப்பது போல ஒரு ரீங்காரம் எழுந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

போட்டிப் பள்ளிக்காரர்கள் முதலில் போனார்கள். சுவர் வழியே ஷெங் கேட்டது. அந்த மூன்று சுரங்களும் வருகின்றனவா என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். மூன்றும் வந்தன. எதிரி நன்றாக வாசித்ததற்குத் தனக்கு ஏன் இத்தனை நிம்மதி என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு காய் டிங் குழுவின் முறை. முதல் சுரம் கணீரென்று அரங்கின் கடைசி வரிசை வரை போய் வந்தது. மீதியை அவள் விரல்களே பார்த்துக்கொண்டன.

வெளியே வந்ததும் அவர்கள் இசைக்குழுவை நடத்தும் குவெக் அவளை நிறுத்தினார். "இன்னைக்குக் குழல் சத்தம் நல்லாருந்துச்சே. சவ்வு புதுசா?"

"ஆமா சார். கடைய மாத்திட்டேன்."

தாழ்வாரத்தின் கோடியில் ஷின் லின் டிரையரை உயர்த்திக் காட்டினாள். பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. காய் டிங் கணக்குக் கேட்கவில்லை.