வெட்டாமல் விட்ட ராணி

நான்கே நகர்த்தலில் என்னைத் தோற்கடித்துவிட்டு என் தம்பி போனை வைத்துவிடுவான். ராணியை இழுத்துக்கொண்டு வருவான், மந்திரியைத் துணைக்கு நிறுத்துவான், என் ராஜாவை ஒட்டி நிற்கும் சிப்பாயை வெட்டி ஆட்டத்தை முடிப்பான். வேறெதுவும் அவனுக்குத் தெரியாது. போனில் பேசிக்கொண்டே ஆப்பில் ஆடுகிற ஞாயிற்றுக்கிழமை செஸ் என்று பேர்தான், டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவன் இருப்பது விமானம் ஏறிப் போகிற தூரத்தில். நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு நன்றாகவே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வாரம் முழுக்க மெஷின் இரைச்சல், வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் இரைச்சல். பேச இருக்கிற ஒரே ஆள் அவன். அவனும் ஐந்து நிமிஷத்தில் ஓடிவிட்டால் எரிச்சல் வராதா?

கெஞ்சுவது என் வழக்கமில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்துத் தடுக்கக் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் ஒரு குதிரை, நடுச் சிப்பாய்க்குக் காவல். மந்திரி வந்ததும் இன்னொரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் ராணி பின்வாங்கும். திரும்பக் குறிவைத்தால் அடுத்த குதிரையைக் குறுக்கே நிறுத்த வேண்டும். ராணி ஓட ஓட நம் காய்கள் வெளியே வந்துகொண்டிருக்கும். தம்பி அசந்துபோனான். ஆட்டம் முக்கால் மணி நேரம் போனது. யோசிக்கிற நேரத்தில் வாய் சும்மா இருக்குமா? குழாய் ஒழுகுவது, மேனேஜரின் அழும்பு, மகளுக்குப் பல் விழுந்தது, எல்லாவற்றையும் கொட்டினான்.

அடுத்த வாரம் அவசரப்பட்டு அவன் ராணியை வெட்டித் தொலைத்தேன். தோற்றுவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். பதினோரு நிமிஷம். அதோடு எனக்குப் புத்தி வந்தது. பிறகு ராணியை விரட்டுவேனே தவிர தொடமாட்டேன். ஏழு வாரம் அப்படியே ஓட்டினேன்.

எட்டாவது வாரம் வந்தது வினை. மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே ராணியைக் கொண்டுவந்து என் மந்திரியின் வழியில் வைத்தான். ராணிக்குக் காவலாக ஒரு காயும் இல்லை. டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டபடி நான் ஓரத்துச் சிப்பாய் ஒன்றை நகர்த்தினேன்.

"அக்கா, ராணி சும்மா நின்னுச்சே. ஏன் எடுக்கல?"

எடுத்தால் நீ போய்விடுவாய் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. பாழாய்ப்போன வீம்பு விடவில்லை.

"கவனிக்கலடா. கண்ணு சரியாத் தெரியல," என்றேன். ஊருக்கே லென்ஸ் தேய்க்கிறவள் சொல்கிற பொய்யைப் பாருங்கள்.

அவன் நம்பிவிட்டான். குரலே இறங்கிப்போனது.

"நான்தான் உன்னைப் போட்டுப் படுத்துறேன் போலக்கா. அந்த ஆப்லயே கம்ப்யூட்டரோட ஆடலாம், லெவலைக் குறைச்சு வச்சுக்கோ. எவ்வளவு நேரம்னாலும் அது காத்திருக்கும். ஞாயித்துக்கிழமையாவது நீ ரெஸ்ட் எடு."

சரிடா என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த ஞாயிறு போன் அடிக்கவில்லை. மதியம்வரை பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன். அதுவும் எடுத்த எடுப்பில் ராணியைத்தான் கொண்டுவந்தது. வந்த ஆத்திரத்தில் கிடைத்த முதல் வாய்ப்பிலேயே வெட்டினேன். அது ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டு என் முறைக்காகக் காத்திருந்தது. உட்கார்ந்து அழுதேன். அப்போதும் அது காத்துக்கொண்டுதான் இருந்தது.