நகத்தில் ஏறிய நீலம்

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். காந்தாவின் விரல்களில் நீலம் ஏறிப் பல வருஷம் ஆயிற்று. சோறு பிசையும்போதும் அந்த நிறம்தான், சாமி கும்பிடும்போதும் அந்த நிறம்தான்.

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சலில் அவள் படுத்துவிட்டாள். இருமல் விடவில்லை. கணவன் சபாபதி மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிவந்தான். அதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். ஆம்பளை தும்மினால் வீடே அல்லோலகல்லோலப்படும். பொம்பளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு டம்ளர் கஷாயம். நம் வீடுகளின் லட்சணம் இதுதானே!

"ஏங்க, வாசல் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறீங்களா?" என்றாள் காந்தா.

"ஒழுங்கா சாப்பிடலன்னா அப்படித்தான் இருக்கும். முகூர்த்தப் பட்டு வேலை தலைக்கு மேல கெடக்குது. முடிச்சிட்டுப் போலாம்."

தெருவில் காய்ச்சல்காரர்களைப் பார்க்க வந்த நர்ஸ் காயத்ரி, ஆக்சிஜன் அளக்கும் கருவியைக் காந்தாவின் விரலில் மாட்டினாள். பார்த்ததும் முகம் மாறியது. "ரொம்பக் கம்மியா காட்டுதுண்ணா. நகமெல்லாம் நீலமா இருக்குது. உடனே அட்மிட் பண்ணணும்."

சபாபதி சிரித்தான். "சாயக்காரி கை நீலமா இல்லாம செவப்பாவா இருக்கும்? சாயத்தைப் பாத்து உன் மெஷினு ஏமாந்துடிச்சிமா."

"தப்பாவே காட்டுதுன்னு வச்சுக்குங்க. ஆஸ்பத்திரியில ஒரு தடவ பாத்துடலாமே?"

"நாளைக்குப் பாக்கலாம்மா."

மறுநாள் காலை காந்தாவுக்குப் பேச்சு வரவில்லை. சபாபதி அவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் சளி, ரத்தம், நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்தார்கள். வைரஸ் இரண்டு நுரையீரலையும் பிடித்திருந்தது. ரத்தத்தில் கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன.

"இவ்வளவு மோசமாகிற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் சுகாசினி கேட்டார்.

"நகம் நீலமா இருந்திச்சி. சாயம்னு நெனச்சேம்மா."

டாக்டர் காந்தாவின் ஆக்சிஜன் முகமூடியை லேசாகத் தூக்கிக் காட்டினார். "விரல்ல சாயம், சரி. உதட்டுல யாருங்க சாயம் போட்டது?"

சபாபதி பார்த்தான். உதடும் நீலமாக இருந்தது. இத்தனை நாளாக மனைவியின் முகத்தைத் தான் பார்க்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுது என்ன பயன்? காந்தா வீடு திரும்பவில்லை.

காரியத்துக்கு வந்த பக்கத்து வீட்டுப் பரசுராமன் துக்கம் விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, "எங்க வீட்லயும் இருமிக்கினேதான் இருக்குதுபா. மூச்சு வாங்குதுன்னு சொல்லுது. மழை ஜுரம், தானா சரியாயிடும்" என்றான்.

சபாபதி சட்டென்று அவன் கையைப் பிடித்து எழுப்பினான்.

"நானும் இதையேதான் சொன்னேன். கெளம்புபா, ஆட்டோவ நான் கூப்பிடறேன். வூட்டுப் பொம்பள மூச்சு முட்டுதுன்னு சொன்னா, எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு மொதல்ல அவ மூஞ்சியப் பாக்கணும், டாக்டர்கிட்டக் காட்டணும். நான் இத்தினி வருஷமா அவ கையை மட்டுந்தான்பா பாத்தேன்."