மைக்கில் சொன்ன மன்னிப்பு

விஜி துணிப்பையோடு வந்து இறங்கிய நாளிலிருந்து சுரேகாவுக்கு ஜெபம் ஓடவில்லை. முட்டி போடுவாள், முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடுவாள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் பாதி தூரம் ஒழுங்காகப் போகும். மன்னிக்கிற வரி வந்ததும் கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். எழுந்து போய்ப் பார்ப்பாள். அணைத்துத்தான் இருக்கும். திரும்ப வந்து முட்டி போட மாட்டாள், அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிடுவாள். பாக்கெட் அரிசியில் கல் எங்கே இருக்கும்? அது வேறு எரிச்சல்.

விஜி அவள் தம்பி குணசேகரனின் ஒரே மகள். நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். காட்டுப்பாக்கத்தில் அப்பா அம்மா குத்துக்கல்லாட்டம் இருக்க, அவர்களை விட்டுவிட்டுத் திருவேற்காட்டுக்கு அத்தை வீட்டைத் தேடி வந்துவிட்டாள். இனிமேல் அந்த ஆள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாள். அந்த ஆள் என்றது பெற்ற அப்பனை.

சுரேகாவுக்கும் அவள் புருஷன் ஜேம்ஸுக்கும் பிள்ளை கிடையாது. வாசலில் பெண் பிள்ளையின் செருப்பு கிடப்பதைப் பார்த்ததும் முதல் நாள் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்துப் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே விஜி சொன்னாள்: "இவ்ளோ பண்ணவர நீங்க மன்னிச்சிட்டீங்க அத்தை. என்னால முடியாது. நீங்க பெரிய மனசு." தட்டில் மீனை எடுத்து வைத்த சுரேகாவின் கை அப்படியே நின்றது. அன்றைக்குப் பிடித்த நமைச்சல்தான், மூன்று நாளாகியும் விடவில்லை.

நடந்தது இதுதான். ஜேம்ஸைக் கட்டிக்கொண்ட பிறகுதான் சுரேகா கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தாள். அவர்கள் போகிற சபையில் ஆராதனை நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று மைக்கில் சொல்ல வேண்டும். ஒருத்திக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும், ஒருவர் மகனுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கும். சுரேகா வருஷக்கணக்காகக் கைதட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாட்சி சொல்லும்படி அவள் வாழ்க்கையில் ஒன்றும் நடந்து தொலையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சுரேகாவுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா செத்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத தம்பியை அந்த நிமிஷம் மனசார மன்னித்தாள். அதில் கள்ளம் இல்லை. மன்னித்த கையோடு உட்கார்ந்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. மகராசி எழுந்து நின்றாள். யாரோ மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

அவள் அம்மா அங்கம்மா பக்கவாதம் வந்து, சென்னீர்குப்பத்து வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கிட்டப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பகலில் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வாள். ராத்திரிக்குக் குணசேகரன். ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு, காட்டுப்பாக்கத்தில் சோறு தின்றுவிட்டு அம்மாவிடம் போய்ப் படுப்பான். ஒரு ராத்திரி கதவைச் சாத்திவிட்டுக் குடிக்கப் போனான். அந்த நேரம் பார்த்து அம்மா எழுந்திருக்கப் பார்த்து விழுந்தாள். தலையில் அடி. மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இதைத்தான் சுரேகா மைக்கில் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு ராத்திரி என்றுதான் சொன்னாள். சபையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஸ்தோத்திரம் கேட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு நச்சரித்தது, ஒரு அம்மாள் கைப்பைக்குள் எதையோ துழாவினாள். சுரேகாவின் குரல் தானாக மேலே ஏறியது. "ராத்திரி ஆனா போதும், பெத்த தாய உள்ள வச்சி பூட்டிட்டு குடிக்கப் போயிடுவான்," என்றாள். துழாவின கை நின்றது. சனம் விம்மியது. அப்படிப்பட்ட தம்பியையும் மன்னித்துவிட்டேன் என்று அவள் முடித்தபோது கூரைத் தகடு அதிர அல்லேலூயா எழும்பியது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே ஜேம்ஸ் ஒன்றுதான் கேட்டான். ஒரு நாள் என்றுதானே என்னிடம் சொன்னாய் என்றான். சாட்சி என்றால் அப்படித்தான் என்று அவள் வாயை அடைத்துவிட்டாள்.

ஆராதனை செல்போனில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, சோகமாக ஒரு கீபோர்டு வாசிப்பைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டான். அது ஊரெல்லாம் சுற்றிக் காட்டுப்பாக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடம் படித்த காலத்தில் விஜி தினமும் பார்த்தது அப்பா ராத்திரி கிளம்பிப் போவதை. அப்பாவைப் பெற்ற ஆயா வீட்டுக்குப் போகிறார் என்று நம்பியிருந்தாள். அத்தனை நாளும் அவர் குடிக்கத்தான் போயிருக்கிறார் என்று இப்போது அவளுக்கு ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை பாஸ்டர் போன் செய்தார். நாளைக்கு அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஆராதனை, தம்பி மகள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாளாமே, அழைத்துக்கொண்டு வாருங்கள், அவளும் இரண்டு வார்த்தை பேசினால் ஆசீர்வாதமாக இருக்கும் என்றார். அவர் நல்ல மனுஷர், நம்பித்தான் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த விஜி, "நான் பேசுறேன் அத்தை. எல்லாருக்கும் தெரியட்டும்," என்றாள். சுரேகா போனை வைத்துவிட்டாள். கொத்தமல்லி வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கொத்தமல்லிக் கடையைத் தாண்டி நடந்தாள். பூந்தமல்லி வண்டியில் ஏறினாள். பாதி வழியில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்து திருவேற்காட்டுக்கே திரும்ப ஏறினாள். கோயில் வளைவு கண்ணில் பட்டதும், வீட்டுக்குப் போய் என்ன பண்ணப்போகிறோம் என்று மறுபடி இறங்கினாள். ஷேர் ஆட்டோக்காரன் ஒரு மாதிரி பார்த்தான். இந்தப் பெண் மட்டும் நம்மோடேயே இருந்துவிட்டால் என்று ஒரு ஆசை குறுக்கே வந்து நின்றது. இருக்கிற இடத்தில் இருக்கட்டுமே, யார் குடி முழுகிவிடும்? யார் குடி முழுகும் என்று அவளுக்கே தெரியும். தெரிந்ததால்தான் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

கடைசியில் அவள் பூந்தமல்லிக்கே போய் இறங்கியபோது, பேருந்து நிலையத்து வாசலில் குணசேகரனின் வண்டி போரூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவன் பார்த்துவிட்டான்.  வண்டியை எடுத்தான். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா, எதிரே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்ட இரண்டு கல்லூரிப் பையன்கள். மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டி குதித்துக் குதித்துப் போனது. காட்டுப்பாக்கத்தில் அவன் தெரு முனையைத் தாண்டும்போது இரண்டு பேருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் பிடரி நரைத்திருந்ததைச் சுரேகா அன்றைக்குத்தான் பார்த்தாள். அவனைத் தூக்கி வளர்த்த இடுப்பு அவளுடையது.

போரூரில் எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

"கடைசி ஸ்டாப்பு. எறங்கு," என்றான்.

"குணா, என்ன மன்னிச்சிடு."

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். "போனு எங்க?"

"இன்னாத்துக்கு?"

"இத்தயும் படம் புடிச்சிகினு கீறியான்னு பாக்கத்தான்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. பையிலிருந்து போனை எடுத்து அவன் சீட்டுப் பக்கமாக நீட்டினாள். அவன் தொடவில்லை. ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே பேசினான். "அன்னிக்கு போனேன், குடிச்சேன். இல்லன்னு நான் யாராண்டயும் சொல்லல. அம்மா என்னாலதான் செத்துச்சு. அத்த நீ மைக்ல சொல்லி நான் தெரிஞ்சுக்கணும்னு இல்ல. மீதி நாளெல்லாம் அம்மாவுக்குப் பீத்துணி அலசுனது யாருக்கா? நீ ஞாயித்துக்கெயம ஆப்பிள் வாங்கிகினு வருவ, ஜெபம் பண்ணுவ, பூடுவ."

  அத்தனையும் உண்மை.

"உன் மன்னிப்பும் எனக்கு வோணாம், உன்ன மன்னிக்கிறதும் இப்போ என்னால ஆவாது," என்றான் குணசேகரன். "எம்பொண்ணு ஊட்டுக்கு வரணும். ஊட்ல யாரும் சோறு துன்னல."

சாயந்தரம் எங்கள் தெரு முனைக்கு வண்டியைக் கொண்டு வா என்று சொன்னாள். விஜியிடம் என்ன சொல்லுவாய் என்று அவன் கேட்டான். அதற்குள் ஆட்கள் ஏறினார்கள். அதே வண்டியிலேயே அவளும் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது விஜி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திருவிருந்துக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவை, சுரேகாவுடையது. சுருக்கமே இல்லாமல் மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, கொத்தமல்லி எங்கே அத்தை என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சுரேகாவின் திருட்டு மனசு ஒரு குறுக்குவழியைக் காட்டியது. அப்பாவை மன்னித்துவிடும்மா, நான் மன்னிக்கவில்லையா என்று சொன்னால் போதும். பெண்ணும் போய்விடுவாள், அத்தை பெரிய மனசு என்ற பேரும் போகாது. தேனாட்டம் இருந்தது அந்த யோசனை. சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டாள். தம்பி கேட்ட "போனு எங்க" காதில் விழுந்தது.

"ஒரு ராத்திரிதான் விஜி," என்றாள்.

"எது அத்தை?"

"உங்கப்பன் குடிக்கப் போனது. ஒரே ஒரு ராத்திரி. மத்த நாளெல்லாம் அம்மாவாண்டதான் இருந்தான். நான் கூட்டிச் சொல்லிட்டேன்."

விஜி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அவசரப்படவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வார்டில் நோயாளியைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டாள்: "ஆயாவுக்கு முதுகுல புண்ணு இருந்துச்சா?"

சுரேகாவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. கடைசியாக அம்மாவைக் குளிப்பாட்டியது அவள்தான். புரட்டிப் போட்டபோது முதுகு கைக்குழந்தை முதுகுபோல வழவழவென்று இருந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த உடம்பு. ராத்திரி பூரா விழித்து விழித்து யாரோ அதைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்திருந்தால்தான் அப்படி இருக்க முடியும். அன்றைக்கே கண்ணால் பார்த்தவள்தான். பார்த்துவிட்டு வெளியே வந்துதான் தம்பியைப் பார்த்து, நீதான்டா கொன்னுட்ட என்று கத்தினாள்.

"இல்ல," என்றாள். "ஒரு புண்ணு கூட இல்ல."

விஜி கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். அத்தையின் தோளில் சாயவில்லை. சுரேகா தொடப் போனாள், தோள் விலகியது. விஜி தலையைத் தூக்காமலே, அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டாள்.

"ஒரு நாளுன்னு சொன்னப்போ யாரும் அழல."

 விஜி துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். அவள் காதில் விழும்படியே சுரேகா பாஸ்டருக்குப் போன் போட்டாள். அந்த வீடியோவில் நான் சொன்னது பொய், சபையின் இணையப் பக்கத்திலிருந்து அதை எடுத்துவிடுங்கள், அதைச் சபைக்குச் சொல்லிச் சரி பண்ணாமல் நாளைக்கு நான் திருவிருந்தில் கை வைக்க மாட்டேன் என்றாள். எத்தனையோ பேர் அதைக் கேட்டு மனம் திரும்பியிருக்கிறார்களே சகோதரி என்று அவர் தயங்கினார். அது எனக்குத் தெரியாது ஐயா, என் தம்பி வீட்டில் சோறு இறங்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சமையல்கட்டு வாசலில் நின்ற ஜேம்ஸ் உலையை வைக்கப் போனான்.

தெரு முனையில் ஹாரன் கேட்டது. விஜி பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாள். போய்விடுவாள் என்று பார்த்தால் நின்றாள்.

"உங்கள நான் மன்னிக்கணுமா அத்தை?" கோபமாகத்தான் கேட்டாள்.

 ஆமாம் என்று சொல்லச் சுரேகாவுக்கு உடம்பெல்லாம் துடித்தது. காலில் விழக்கூடத் தயாராக இருந்தாள். "மன்னிக்கிறதா இருந்தா மன்னிச்சிக்கோ," என்றாள். "யாராண்டயும் சொல்லாத. என்னாண்டயும் சொல்லாத."

விஜி அவளை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் நடந்தாள். வண்டிக்குக் கிட்டப் போகப் போக நடை ஓட்டமானது. பின்சீட்டெல்லாம் காலியாகத்தான் கிடந்தது. அவள் முன்னால் ஏறி, டிரைவர் சீட்டின் ஓரத்தில் அப்பாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குணசேகரன் நகர்ந்து இடம் விட்டான். வண்டி மெயின் ரோடு திரும்பும்வரை சுரேகா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.